கிச்சனை யார் பார்க்கப் போகிறார்கள்?

"வந்து பாரும்மா... நம்ம ஹாலு இப்ப ஊட்டி மாரி கீது!"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏகாம்பரம் மாமா போனில் இப்படித்தான் கூப்பிட்டார். குரலில் அத்தனை குஷி. அந்தக் குஷியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆற வைத்து எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை. அதனால் இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் இருக்கும்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏகாம்பரம் மாமா என் பெரியம்மா மகள் மஞ்சுளா அக்காவின் கணவர். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் பெருநகர் என்கிற ஊரில் வீடு. கொஞ்சம் நிலம், வாடகைக்கு ஓட்ட ஒரு டிராக்டர், ஊர் விஷயம் பேச வாசலில் எப்போதும் நாலு பேர். ஒரே மகன் தினேஷ் கம்பெனி வேலைக்குப் போகிறான். வீடு முழுக்க சிமெண்ட் ஷீட் கூரை. ஷீட் வீட்டில் சித்திரை மாதத்தைக் கழித்தவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை. கழிக்காதவர்கள், காய்ந்த தோசைக்கல்லைக் கவிழ்த்து அதன் அடியில் குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூரில் எங்கள் வீட்டு மாடி அறைக்கும் ஷீட் கூரைதான். அதற்கு சீலிங் அடித்த கதையைப் போன வருஷம் இதே பக்கத்தில் எழுதியிருந்தேன். நிறையப் பேர் விசாரித்தீர்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஷீட்டுக்குக் கீழே ஒரு ஜாண் இடைவெளி விட்டு இரும்புச் சட்டம். அதில் பிவிசி பேனல். பேனலுக்கு மேலே தடிமனான தெர்மாகோல் பலகை. நடுவில் தேங்குகிற அனல் வெளியே போக எதிரெதிர்ச் சுவரில் துளைகள். ஏசி போட வசதியில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு இதுதான் கட்டுப்படியாகும்.

அதைப் படித்துவிட்டு முதலில் போன் செய்தது மஞ்சுளா அக்காதான்.

"எனக்கும் அந்த மாரி ஒண்ணு போடணும்டி. கிச்சன்ல நிக்க முடியல. சீட்டு கட்டிக்கினு கீறேன். எடுத்த உடனே மொத வேல அதான்."

கவனியுங்கள். கிச்சன் என்றுதான் சொன்னாள்.

அக்கா நாள் முழுக்க அந்தக் கிச்சனில்தான் இருக்கிறாள். கம்பெனி வேலைக்காக வந்து ஊரில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற வெளியூர்ப் பையன்களுக்கு மதியச் சாப்பாடு கட்டித் தருகிறாள். விடியும் முன் உலை வைத்தால் சாதம், குழம்பு, ரசம், பொரியல் எல்லாம் முடிந்து டப்பாக்கள் வேனில் ஏற வேண்டும். அது முடிந்தால் வீட்டுச் சமையல். பிறகு மாமாவைத் தேடி வருகிறவர்களுக்கு டீ. சாயங்காலம் மறுபடி அடுப்பு. மேலே ஷீட் காய, கீழே இரண்டு பெரிய பர்னர் எரிய, நடுவில் அக்கா.

அந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய சீட்டு. அந்தச் சீட்டில் வந்த பணத்தில்தான் மாமாவின் ஊட்டி.

போனேன். ஹாலுக்குள் காலை வைத்ததுமே தெரிந்தது. நிஜமாகவே குளுமை. வெளியே அனல் வீசுகிறது, உள்ளே ஃபேன் காற்று உடம்பில் படும்போது சுகமாக இருக்கிறது. சீலிங்கில் மர நிறத்தில் பேனல். நடுவில் பெரிய பூ டிசைன். பூவைச் சுற்றிக் கலர் கலராக லைட். மாமா ரிமோட்டை அழுத்தி நீலம், சிவப்பு, பச்சை என்று மாற்றி மாற்றிக் காட்டினார். வந்திருந்த நண்பர்கள் அண்ணாந்து பார்த்தபடியே சோபாவில் சாய்ந்திருந்தார்கள்.

"நாளைக்கு தினேஷுக்குப் பொண்ணு குடுக்கறவங்க வந்து உக்காந்தா ஒரு மரியாத இருக்கணும் இல்லமா?" என்றார் மாமா.

திருப்புலிவனத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பேச்சு முடிகிற கட்டம். சரி, நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"அக்கா எங்க மாமா?"

"உள்ள கீறா. வடை போட்றா."

கிச்சன் நிலைப்படியைத் தாண்டினேன். முகத்தில் யாரோ சூடான ஈரத்துணியை வைத்து அழுத்தியது மாதிரி இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். வெறும் ஷீட். புகையேறிக் கறுத்துப்போன அதே பழைய ஷீட். அக்கா வாணலி முன்னால் நின்றிருந்தாள். முதுகில் ரவிக்கை முழுக்க நனைந்திருந்தது. புடவைத் தலைப்பை ஈரமாக்கிக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

"வாடி. நாஷ்டா ஆச்சா?" என்றாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது.

"இங்க போடலையா அக்கா?"

"இங்க போடக் கூடாதாம். உங்க மாமா சொன்னாரு. அப்பால பேசலாம், அந்தத் தட்ட எடு."

நான் தட்டை எடுக்கவில்லை. ஹாலுக்குத் திரும்பி வந்து மாமாவிடம் கேட்டேன்.

"அடுப்பு கீற எடம்மா அது! தெர்மாகோல் பத்திக்கினா இன்னா பண்றது? சீலிங் போட்ட பாபுவ கேட்டுப் பாரு, அவனே வாணாம்னு சொல்லுவான்."

அவர் சொன்னது உண்மைதான். அடுப்புக்கு மேலே தெர்மாகோல் வைப்பது ஆபத்து. சட்டென்று பிடித்துக்கொள்ளும், உருகி ஒழுகும், புகை நெஞ்சை அடைக்கும். மாமா பாதுகாப்பை யோசித்துத்தான் விட்டிருக்கிறார் போல... நாம் அவசரப்பட்டுக் கேட்டுவிட்டோமோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஒரு நிமிஷம்தான்.

உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது.

ஓடினேன். ஜல்லிக்கரண்டி தரையில் கிடந்தது. அக்கா மேடையைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண் மேலே சொருகியிருந்தது. வாணலி நிறையக் கொதிக்கிற எண்ணெய் அவள் தலைக்கு மேலே, மேடை விளிம்பில். அது கவிழவில்லை. கவிழ்ந்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுப்பை அணைத்தேன். கத்தினேன். மாமாவும் அவர் நண்பர்களும் ஓடிவந்து அக்காவைத் தூக்கினார்கள். ஹாலில் கொண்டுவந்து, அந்தப் பூ டிசைனுக்கு நேர் கீழே படுக்க வைத்தார்கள். தண்ணீர் தெளித்தோம். வாந்தி எடுத்தாள். "எம்மா... தல சுத்துது" என்று முனகினாள். மேலே லைட் நீலத்தில் இருந்து சிவப்புக்கு மாறியது. யாரோ பதற்றத்தில் ரிமோட்டின் மேல் கை வைத்துவிட்டார்கள்.

யாருடைய காரிலோ ஏற்றி உத்திரமேரூருக்கு அழைத்துவந்தோம். ஆஸ்பத்திரியில் இளம் வயது டாக்டரம்மா. குளுக்கோஸ் ஏற்றினார். பிரஷர் பார்த்தார். பிறகு அக்காவிடம் கேட்டார்.

"வெயில்ல வேலை செய்யறீங்களாம்மா? என்ன வேலை?"

"வேலைக்கெல்லாம் போகலம்மா. வூட்லதான் சும்மா கீறேன்."

சும்மா இருக்கிறாளாம்! ஊரே சாப்பிடுகிற சோற்றை வடிக்கிறவள், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, "சும்மா கீறேன்" என்கிறாள். எனக்கு அழுகை முட்டியது. அதைவிட அதிகமாக ஆத்திரம் முட்டியது.

டாக்டரம்மா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் கிச்சன் கதை வெளியே வந்தது. "இது சாதாரண மயக்கம் இல்ல. உடம்பு சூடு தாங்காம விழுந்திருக்காங்க. மறுபடி அதே இடத்துல நிறுத்தினா உயிருக்கே ஆபத்து" என்று மாமாவைப் பார்த்துச் சொன்னார்.

மாமா என்ன சொன்னார் தெரியுமா?

"இவ தண்ணியே குடிக்க மாட்டா டாக்டர். சொன்னா கேக்க மாட்டா."

ஆக, தப்பு அவளுடையது. ஷீட்டுக்குச் சம்பந்தமே இல்லை.

மருந்து வாங்க பஜாருக்கு வந்தேன். மெடிக்கல் ஷாப் வாசலில் பாபு நின்றிருந்தார். எங்கள் வீட்டுக்கும் சீலிங் அடித்தவர் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். "ஐயய்யோ" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்க்கா" என்றார்.

"என்ன சொன்னீங்க? தெர்மாகோல் பத்திக்கும்னுதானே?"

"தெர்மாகோல் வாணாம்னு சொன்னேன். கிச்சனுக்குன்னு வேற கீதே! சிமெண்ட் போர்டு அடிச்சு, மேல ராக்வுல் வெச்சா நெருப்பே புடிக்காது. கல்லு உருக்கி செய்யற பஞ்சுக்கா அது. மேல ஷீட்டுக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சு, அனல் இழுக்கற ஃபேன் ஒண்ணு மாட்டிக்கலாம்னும் சொன்னேன். அந்தப் பூ டிசைனு, லைட்டு எல்லாம் வுட்டா ரெண்டையும் முடிச்சிரலாம்னேன்."

"மாமா என்ன சொன்னார்?"

பாபு தலையைச் சொறிந்தார்.

"கிச்சன யாருப்பா பாக்கப் போறா, ஹால நல்லா பண்ணுன்னாரு."

மருந்துக் கடைக்காரர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

கிச்சனை யார் பார்க்கப் போகிறார்கள்!

நம் வீடுகளில் அறைகளுக்கும் அந்தஸ்து உண்டு. ஹால்தான் ராஜா. அடுத்தது சாமி ரூம் — டைல்ஸ் என்ன, கதவில் தொங்கும் மணி என்ன. அப்புறம் பெட்ரூம். இருக்கிற காசெல்லாம் இந்த வரிசையில் கரைந்து, மிச்சம் இருந்தால் கிச்சன். மிச்சம் எப்போது இருந்திருக்கிறது? ஷோரூமில் ஹாலுக்குச் சோபா வாங்கும்போது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கிற ஆண், கிச்சனுக்கு ஒரு ஃபேன் என்றால் மட்டும், "அடுப்பு அணைஞ்சுடுமே" என்று விஞ்ஞானம் பேசுகிறார். கம்பெனியில் உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஷிப்ட் உண்டு, ஓய்வு உண்டு, கேட்க யூனியன் உண்டு. வீட்டு உலைக்குப் பக்கத்தில் நிற்கிறவளுக்கு? தண்ணீர் குடிக்கவில்லை என்ற குற்றச்சாட்டு உண்டு.

அக்காவை வீட்டுக்கு அழைத்துப்போன அன்றே மாமாவிடம் கேட்டுவிட்டேன். நண்பர்கள் யாரும் இல்லாத நேரம்.

"பாபு வேற வழி சொன்னாராமே மாமா? ராக்வுல்லு, சிமெண்ட் போர்டுன்னு?"

மாமாவின் முகம் மாறியது. "அவன் ஆயிரம் சொல்லுவான். எல்லாத்தயும் செய்ய முடியுமா?"

"லைட் போட முடிஞ்சுதே."

"தோ பாரும்மா. வர்றவங்க ஹால்லதான் உக்காருவாங்க. கிச்சன்லயா வந்து உக்காருவாங்க? எங்கம்மா வெறகு அடுப்புல, பொகையில செஞ்சாங்க. மயக்கம் போட்டு வுழுந்தாங்களா?"

"விழுந்தாங்களான்னு யாரு போய்ப் பாத்தீங்க?"

அவருக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். "நீ பேப்பர்ல எழுதறவ. உங்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எதிரே உட்கார்ந்திருந்த தினேஷ் போனைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. தாய்க்கு உடம்பு முடியவில்லை என்று ஆன்லைனில் ஒரு சின்ன டேபிள் ஃபேன் ஆர்டர் போட்டிருந்தான். பையன் செய்தது அவ்வளவுதான். அந்த ஃபேனும் சுடுகாற்றைச் சுற்றிச் சுற்றி அடித்தது.

அக்கா இரண்டொரு நாள் படுத்திருந்தாள். பிறகு எழுந்து, அதே கிச்சனுக்குப் போனாள். "வாணாம் அக்கா" என்றேன். "டப்பா வாங்கற பசங்க பட்டினி கெடக்குமேடி" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் திருப்புலிவனத்துக்காரர்கள் வந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, மாமன், பெண் சௌமியா. அக்காவைத் தனியாக விட மனமில்லாமல் நானும் போயிருந்தேன். ஹால் ஜொலித்தது. பெண்ணின் அப்பா அண்ணாந்து பார்த்து, "சூப்பரா பண்ணிக்கிறீங்களே!" என்றார். மாமா பெருமையாக மீசையைத் தடவிக்கொண்டார். ரிமோட் கைக்கு வந்தது.

ஆனால் பெண்கள் ஹாலில் எவ்வளவு நேரம் உட்காருவார்கள்? பெண்ணின் அம்மா, "அண்ணி தனியா கஷ்டப்படறாங்களே" என்று எழுந்து உள்ளே வந்தார். பின்னாலேயே சௌமியா. கேசரி கிளறிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். நின்ற கொஞ்ச நேரத்திலேயே அந்த அம்மா முந்தானையால் விசிறிக்கொள்ள ஆரம்பித்தார். சௌமியாவின் பவுடர் கரைந்து கழுத்தில் வழிந்தது. அந்தப் பெண் மேலே பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று ஹாலுக்குப் போய், எல்லார் முன்னாலும் தினேஷைக் கேட்டாள்.

"ஹால்ல இவ்ளோ ஜில்லுனு கீதே, கிச்சன்ல ஏன் போடல?"

தினேஷ் அப்பாவைப் பார்த்தான். அப்பா லைட்டைப் பார்த்தார்.

பின்னாலேயே வந்த பெண்ணின் அம்மா நிதானமாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. எங்க பொண்ணு வந்தா அங்கதான நிக்கப் போறா? எனக்கே ரெண்டு நிமிசம் நிக்க முடியல. அண்ணி எப்படித்தான் நிக்கறாங்களோ!"

மாமா எழுந்தே விட்டார்.

"ஐய... அதுக்கு ஆளு சொல்லி வெச்சிட்டேன்மா! நெருப்புப் புடிக்காத ஐட்டமா போடணும்னு பாத்துக்கினு கீறேன். ராக்வுல்லுன்னு ஒண்ணு கீது. இந்த வாரமே முடிச்சிர்றேன்!"

ராக்வுல்! அவர் வாயில் இருந்து! நான் கிச்சன் நிலைப்படியில் நின்று அக்காவைப் பார்த்தேன். அக்கா கேசரியைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. அப்புறம் மறுபடி வைக்க ஆரம்பித்தாள்.

சொன்ன மாதிரியே அந்த வாரம் பாபு வந்தார். ஷீட்டைத் துளைக்காமல் சுவரிலேயே சட்டம் பொருத்தி, சிமெண்ட் போர்டு அடித்து, மேலே ராக்வுல் பலகைகளை அடுக்கினார். சுவரில் அனல் இழுக்கும் ஃபேன். கூரைமேல் வெள்ளை பெயிண்ட். இரண்டே நாள் வேலை. இதற்காகத்தான் ஒரு மனுஷி விழ வேண்டியிருந்தது.

இல்லை, அவள் விழுந்ததற்காகவும் இது வரவில்லையே! அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கட்டியவள் வாந்தி எடுத்துக் கிடந்தபோது அசையாத மனசு, டாக்டர் உயிர் என்று எச்சரித்தபோது அசையாத மனசு, சம்பந்தி வீட்டார் முகம் சுளித்ததும் அசைந்தது. மாமா இப்போது ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் — "வரப்போற மருமவளுக்காகப் போட்டேன்!" இத்தனை வருஷம் அங்கே வெந்தவள் யார்? விருந்தாளியா?

முந்தாநாள் போயிருந்தேன். வெளியே கொளுத்துகிற மத்தியானம். கிச்சனில் அக்கா ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அடுப்பில் குழம்பு. முதுகில் ரவிக்கை காய்ந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"உனக்குக் கோவமே வரலையா அக்கா? உனக்காகப் போடல, அந்தப் பொண்ணுக்காகப் போட்டாரு."

அக்கா கீரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வரலன்னு உன்கிட்ட யாருடி சொன்னது? ரா பகலா வருது. அந்தப் பொண்ணுகிட்ட போன் போட்டுச் சொல்ட்டேன். 'எம்மா, நீ வேலைக்குப் போறதுன்னா போ, நிறுத்தாத. இங்க வந்து என்ன மாரி நிக்காத'ன்னு."

அக்காவின் குரல் நடுங்கவில்லை. கீரைக் காம்பைக் கிள்ளி ஓரமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஹாலில் இருந்து மாமாவின் குரல் வந்தது. நண்பர்கள் வந்திருந்தார்கள்.

"இன்னாமே... நாலு டீ போடு!"

அக்கா எழுந்திருக்கவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஹாலில் உள்ள எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பால் ஃபிரிட்ஜ்ல கீது. தூளு மேல கீது. வந்து போட்டுக்கினு போங்க. வேர்க்காது!"

பிறகு மாமா வந்தார். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தேடினார். அக்கா காட்டவில்லை. நானும் காட்டவில்லை. டீ சகிக்கவில்லை என்று கேள்வி.

உங்கள் வீட்டுக் கிச்சனில் எவ்வளவு அனல் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று மத்தியானம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அரை மணி நேரம் அங்கே நின்று பாருங்கள்... அந்த நேரம் பார்த்து ஹாலில் இருந்து யாராவது "சாப்பாடு ஆச்சா?" என்று கத்தினால், இன்னும் நன்றாகப் புரியும்.